கிச்சன் ஃபிட்டரும் ஒரு பித்தளை நட்டும்

என் பெரியம்மா மகன் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். அங்கே ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் தோசை வாசனையும் தமிழும் சேர்ந்தே வரும் என்பார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டார். சாப்பிட்டியா, தூங்கினியா எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி.

"டேய், நீ பி.காம் தானே படிக்கிறே? ஒருத்தன் ஒழுங்கா வேலை செய்வானா மாட்டானான்னு, வேலை கொடுக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க உங்க புஸ்தகத்துல ஏதாவது ஃபார்முலா இருக்காடா?"

விஷயம் இதுதான். அண்ணன் வாங்கிய வீடு பழசு. சமையலறை அதைவிடப் பழசு. யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போன நோட்டீஸைப் பார்த்து ஒரு கிச்சன் ஃபிட்டரைப் பிடித்திருக்கிறார். பாதிப் பணம் அட்வான்ஸ், அதுவும் ரொக்கமாக. அந்த ஆள் வந்து ஒரே நாளில் பழைய அலமாரி, சிங்க் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துவிட்டார். உடைப்பதில் படு சுறுசுறுப்பு! அடுத்த வாரம் நாலு பெட்டி மாட்டினார். ஒன்று கோணல். அதுவரைக்கும்கூட அண்ணன் பொறுத்துக்கொண்டார். கடைசியில் அந்த ஆள், "கேஸ் கனெக்‌ஷனையும் நானே கொடுத்துவிடுகிறேன், அதற்குத் தனியாக ஆள் எதற்கு, வீண் செலவு" என்று சொல்ல, அண்ணி குறுக்கே வந்து, "உங்க கேஸ் கார்டைக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். கார்டு வேனில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவர்தான். வேனும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

ஃபார்முலா எல்லாம் இல்லைண்ணே என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்தில் இங்கிலாந்தின் சமையலறை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன் (வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களே, சிரிக்காதீர்கள். இன்டர்னல் மார்க் வந்ததும் நானே சொல்கிறேன்). அந்த "கேஸ் கார்டு" எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் ஒரு விஷயம் கிடைத்தது. அந்தக் கார்டின் கதை தொடங்கியதே அண்ணன் வீட்டுக்கு இரண்டு மூன்று மைல் தள்ளி, அதே நியூஹாம் பகுதியில்!

1968, மே 16. விடியற்காலை 5.45 மணி. நியூஹாமில் ரோனன் பாயிண்ட் என்று ஒரு புத்தம்புது அடுக்குமாடிக் கட்டடம். 22 மாடி, 110 வீடுகள். உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டியது. திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 18வது மாடியில் தனியாகக் குடியிருந்த 56 வயதுப் பெண்மணி, கேக் அலங்கரிக்கும் வேலை பார்ப்பவர், எழுந்து வந்து டீ போட அடுப்புப் பக்கம் போய் ஒரு தீக்குச்சி கிழித்தார்.

ராத்திரி முழுக்கக் கேஸ் கசிந்திருந்தது. வெடித்தது.

அந்தக் கட்டடத்துக்குத் தூண்கள் கிடையாது. டென்மார்க்கிலிருந்து வந்த முறை. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கிரேனால் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூட்டுகளை மட்டும் இணைத்துவிடுவார்கள். சுவர்தான் தாங்குகிறது. வெடிப்பில் அவர் வீட்டு மூலைச் சுவர் வெளியே தள்ளப்பட்டது. அதை நம்பியிருந்த மேல் மாடிகள் இறங்கின. அவை விழுந்த கனத்தில் கீழ் மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைவரை இறங்கின. கட்டடத்தின் ஒரு மூலை முழுக்கச் சீட்டுக்கட்டு சரிவதுபோலச் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள், 17 பேருக்குக் காயம். சரிந்த பக்கம் வீடுகளின் ஹால் இருந்த பக்கம். விடியற்காலை என்பதால் பெரும்பாலோர் படுக்கையறையில் இருந்தார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

தீக்குச்சி கிழித்த அம்மா பிழைத்துக்கொண்டார். அவருடைய காது ஜவ்வுகூடக் கிழியவில்லை. விசாரணை நிபுணர்கள் அதை வைத்தே, வெடிப்பின் அழுத்தம் பெரிதாக இருந்திருக்க முடியாது என்று கணக்குப் போட்டார்கள். ஒரு மனுஷியின் காது தாங்கிய வெடியை 22 மாடிக் கட்டடம் தாங்கவில்லை. ரோனன் பாயிண்ட் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் நிற்பார்கள். கட்டடப் பொறியியல் படிப்பவர்களுக்கு இது ஒரு பாடம். ஒரு பகுதி போனால் மொத்தமும் போகக்கூடாது என்று 1970ல் இங்கிலாந்தின் கட்டட விதிகள் மாறியதே இதனால்தான்.

எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கேள்வி. கேஸ் ஏன் கசிந்தது?

ஹியூ கிரிஃபித்ஸ் என்ற வழக்கறிஞர் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். அந்த வருடமே அறிக்கை வந்துவிட்டது. அடுப்புக்கு வரும் குழாயை இணைக்கிற இடத்தில் ஒரு பித்தளை நட்டு உடைந்திருந்தது. இருக்க வேண்டிய கனத்துக்குக் குறைவான, தரம் குறைந்த நட்டு. அடுப்பை அங்கே இணைத்துக் கொடுத்தது யார்? அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஒரு நண்பர்.

நண்பர்! நம்பிக்கையான ஆளைத் தேடுவதில் நாம் எல்லோரும் செய்கிற முதல் காரியம் இதுதானே. தெரிந்த ஆள், பழகின ஆள், ஏமாற்றமாட்டார். அவர் ஏமாற்றவும் இல்லை. நியாயமாகச் சொன்னால், கேஸ் கம்பெனி ஆளே வந்து மாட்டியிருந்தாலும் அவர் கையிலும் அதே நட்டு கிடைத்திருக்கலாம். ஆனால் நூறு நட்டைத் திருகிப் பழகிய கை, இது என்ன லேசாக இருக்கிறதே என்று ஒரு நொடி நின்றிருக்கக்கூடும். நல்லவர் என்பதும் வேலை தெரிந்தவர் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். நாம் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

இதற்குப் பிறகுதான் 1970ல் கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்ய ஓர் அமைப்பு வந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கார்கி' என்று கூப்பிட்டார்கள் (ராணி வளர்த்த நாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). முதலில் விருப்பப்பட்டவர்கள் பதிந்தால் போதும் என்றுதான் இருந்தது. கட்டாயம் என்று சட்டம் ஆனது 1991ல். அதாவது, ஒரு மூலை இடிந்து விழுந்து 23 வருடம் கழித்து. 2009 ஏப்ரலில் அந்தப் பொறுப்பு 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற புதிய பதிவேட்டுக்குப் போனது. இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். அண்ணி கேட்டது இந்தக் கார்டைத்தான். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆள் எந்தெந்த வகைக் கேஸ் வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று அங்கேதான் இருக்கும். பாய்லர் பார்க்கத் தெரிந்தவர் அடுப்பு பார்க்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை.

சரி, 1968க்கு முன்னால் எல்லாம் இஷ்டத்துக்கு நடந்ததா என்றால், அதுதான் இல்லை. இன்னும் பின்னால் போனால் நிலைமை தலைகீழ்.

பழைய லண்டனில் ஆசாரி வேலை யார் வேண்டுமானாலும் செய்ய முடியாது. தச்சர்கள் சங்கத்துக்கு 1477லேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. 'ஜாயினர்' என்று இன்னொரு கூட்டம், அவர்களுக்குத் தனிச் சங்கம். இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. கடைசியில் 1632ல் நகர நிர்வாகம் உட்கார்ந்து பாகப்பிரிவினை செய்து கொடுத்தது. பசை போட்டும் மரத்துக்குள் மரம் செருகியும் செய்கிற நுண்ணிய மூட்டு வேலை எல்லாம் ஜாயினருக்கு. ஆணி அடித்துச் செய்கிற வேலை தச்சருக்கு. ஒரு மேஜையின் காலை எப்படி இணைத்தாய் என்பதை வைத்து அது யார் தொழில் என்று முடிவு! அதற்கு முன்பே 1563ல் எலிசபெத் ராணி காலத்தில் ஒரு சட்டம், ஏழு வருடம் குருவிடம் தொழில் பழகாதவர் அந்தத் தொழிலைச் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டது.

வேலை கொடுப்பவருக்கு இது வசதிதான். ஆளை ஆராய வேண்டியதில்லை, சங்கத்து ஆளா என்று பார்த்தால் போதும். ஆனால் சங்கத்து ஆள் சொல்வதுதான் கூலி. வெளியூர்க்காரன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் உள்ளே வர முடியாது.

இதைப் போட்டுத் தாக்கியவர் வேறு யாருமில்லை, நம் முதல் செமஸ்டரில் ஒரு பத்தியில் வந்து போன ஆடம் ஸ்மித். 1776ல் வந்த புத்தகத்தில் அவர் வாதம் இப்படிப் போகிறது. மோசமான வேலை சந்தைக்கு வருவது பெரும்பாலும் வேலை தெரியாததால் இல்லை, மோசடியால். மோசடியை ஏழு வருடப் பயிற்சி எப்படித் தடுக்கும்? வெள்ளிச் சாமானில் குத்துகிற முத்திரையும் துணியில் குத்துகிற முத்திரையும்தான் வாங்குபவருக்குப் பாதுகாப்பு. வாங்குகிறவர் அந்த முத்திரையைத்தான் பார்க்கிறார், செய்தவர் ஏழு வருடம் பழகினாரா என்று யாரும் கேட்பதில்லை.

படிக்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்மித் ஐயா சொன்னது வெள்ளித் தட்டு. தட்டைத் திருப்பிப் பார்க்கலாம். அடுப்புக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற இணைப்பைத் திருப்பிப் பார்க்க முடியுமா? வேலை முடிந்ததும் மறைந்துபோகிற வேலைக்கு எங்கே முத்திரை குத்துவது? செய்த ஆள் மேல்தான் குத்த வேண்டும். 1970ல் வந்த கார்டு ஒருவகையில் 1563க்குத் திரும்பிப் போனதுதான் என்று எனக்குப் படுகிறது. தவறென்றால் எங்கள் எகனாமிக்ஸ் மேடம் திருத்தட்டும். 1563 சட்டத்தின் அந்த ஏழு வருட விதியை 1814ல் நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் ரம்பம் எடுக்கலாம்.

எடுத்தாலும் அப்போது சமையலறையில் ஃபிட்டருக்கு வேலை இல்லை. விக்டோரியா காலச் சமையலறையில் இருந்தது ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு, நடுவில் ஒரு மேஜை, சுவரோரம் பாத்திர அலமாரி. எல்லாம் தனித்தனிச் சாமான்கள். வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம். சுவரோடு சுவராக, அளவெடுத்து, மூலைக்கு மூலை பொருத்துகிற சமையலறை பிறகுதான் வந்தது. 1926ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்தில் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது அதில் மிகப் பெயர் பெற்றது. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். ரயிலில் சாப்பாட்டு வண்டியின் சமையலறை எப்படி அத்தனை சின்ன இடத்தில் அத்தனை பேருக்குச் சமைக்கிறது என்று பார்த்தும், ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று நேரம் குறித்தும் வரைந்தார். சாமான் போட்டு வைக்க அலுமினிய டப்பாக்கள் வரிசையாக, பெயர் எழுதி. அரிசிக்கும் ஒன்று! அப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் அந்த நகரத்தில் போடப்பட்டன. அந்த அம்மாவைப் பற்றியே தனியாக எழுத வேண்டும். நாஜிகளிடம் சிறையிருந்து, பிழைத்து, 2000ல் 103வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால் இறந்தார்.

ஆனால் கவனியுங்கள். ஃபிராங்ஃபர்ட்டில் குடிவந்த யாரும் ஃபிட்டரைத் தேடவில்லை. நகராட்சியே வீட்டோடு சேர்த்துச் சமையலறையையும் போட்டுக் கொடுத்தது. போருக்குப் பிறகு இங்கிலாந்திலும் அப்படித்தான். 1944 சட்டத்தின்படி சுமார் 1,56,000 தற்காலிக வீடுகள் தொழிற்சாலையில் செய்து இறக்கப்பட்டன. அதில் சமையலறை பொருத்தியே வந்தது, ஃப்ரிட்ஜ் உட்பட. அப்போது பல பணக்கார வீடுகளிலேயே ஃப்ரிட்ஜ் கிடையாது. உள்ளாட்சி வீடுகளில் சிங்க் ஒழுகினால் மன்றத்துக்கு எழுதிப்போட வேண்டும். ஆளைத் தேடுவது குடியிருப்பவர் வேலையே இல்லை.

அதை மாற்றியது 1980 வீட்டுவசதிச் சட்டம். உள்ளாட்சி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதைத் தள்ளுபடி விலையில் தாமே வாங்கிக்கொள்ளலாம் என்று மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்தது. பத்து வருடத்துக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் கைமாறின. சொந்த வீடு ஆனதும் மனிதர்கள் என்ன செய்வார்கள்? வாசல் கதவை மாற்றுவார்கள். அடுத்தது சமையலறை. ஆள் தேடும் படலம் பெருகியது இங்கேதான் என்பது என் கணக்கு.

கடைகளும் வந்தன. எம்.எஃப்.ஐ. என்ற கம்பெனி பெட்டிக்குள் பலகைகளாக அடைத்துச் சமையலறை விற்றது. வாங்கிப் போய் நீங்களே மாட்டலாம், முடியாவிட்டால் ஆள் பிடியுங்கள். இதே குழுமம் 1995ல் ஹவுடன்ஸ் என்று இன்னொரு வியாபாரம் தொடங்கியது. அதன் விதி, வீட்டுக்காரருக்கு நேரடி விற்பனை கிடையாது, கணக்கு வைத்திருக்கும் ஃபிட்டருக்கும் பில்டருக்கும் மட்டுமே சரக்கு. முடிவு என்ன தெரியுமா? 2006ல் எம்.எஃப்.ஐ. கடைகளைக் குழுமம் ஒரு பவுண்டுக்கு விற்றது. ஒரே ஒரு பவுண்டு. அந்தக் கடைகள் 2008 இறுதியில் மூடப்பட்டன, முன்பணம் கட்டியவர்கள் தவித்தார்கள். ஹவுடன்ஸ் இன்றும் ஓடுகிறது. கடைக்கு யார் உண்மையான வாடிக்கையாளர் என்பதை அது கண்டுபிடித்துவிட்டது. சமையலறை வேண்டும் என்பவர் வாழ்க்கையில் இரண்டு முறை வாங்குவார், மாட்டுகிறவர் மாதம் இரண்டு வாங்குவார். மார்க்கெட்டிங் பாடத்துக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணன் கேட்ட ஃபார்முலாவுக்கு மிகப் பக்கத்தில் வருவது ஜார்ஜ் ஏகர்லாஃப் எழுதிய கட்டுரை. பழைய கார் சந்தையை வைத்து எழுதியது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்கமாட்டார், விலகிவிடுவார். மிஞ்சுவது ஓட்டை வண்டி. மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை, கடைசியில் 1970ல் வெளியானது. 2001ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. கார்கி தொடங்கியதும் 1970, இதுவும் 1970. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் கட்டுரையின் கடைசியில் இதற்கு மருந்தாக அவர் சொல்பவை கேரண்டி, பிராண்ட் பெயர், உரிமம். நியூஹாமில் 4 உயிர் போனபின் செய்தது அந்த மூன்றாவதைத்தான்.

வேனோடு போன நம்ம ஆள் விஷயத்தில் ஏகர்லாஃப் அப்படியே பொருந்துகிறார். அண்ணன் மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைந்ததை எடுத்திருக்கிறார். அதிகம் கேட்ட ஒருவர், "எனக்கு இன்னும் பத்து வாரத்துக்கு வேலை இருக்கிறது, காத்திருந்தால் வருகிறேன்" என்று சொன்னாராம். அதை அண்ணன் திமிர் என்று நினைத்துவிட்டார். காத்திருக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே ஒரு முத்திரை இல்லையா?

இன்றைய நிலவரத்தில் எனக்கு ஆச்சரியம் தந்தது ஒன்று. இங்கிலாந்தில் கேஸ் இணைப்புக்குக் கார்டு கட்டாயம். வீட்டு மின்வேலைக்கு 2005லிருந்து கட்டட விதிகளில் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் 'கிச்சன் ஃபிட்டர்' என்று போர்டு போட்டுக்கொள்ள எந்த உரிமமும் வேண்டாம். நாளைக்கே நான் போய்ப் போட்டுக்கொள்ளலாம் (கோணல் பெட்டி உத்தரவாதம்!). அரசு ஆதரவோடு 2005ல் வந்த டிரஸ்ட்மார்க் திட்டம்கூட விருப்பப்பட்டுச் சேர்வதுதான். மீதிக்கு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி செய்து தரச் சொல்லலாம். ஆனால் அதற்கு ஆள் கிடைக்க வேண்டுமே. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தாலாவது 1974 கடன் சட்டத்தின் 75வது பிரிவு கைகொடுத்திருக்கும். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுவரை விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ, செய்தவரோடு சேர்ந்து கார்டு கொடுத்த நிறுவனமும் பொறுப்பு. ரொக்கமாகக் கொடுத்த அண்ணனுக்கு இதை நான் சொன்னபோது ஃபோனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

எங்கள் வீட்டில் அப்பா ஆசாரியைத் தேடியதே இல்லை. தாத்தாவுக்கு வாசக்கால் வைத்தவரின் மகன்தான் எங்கள் சமையலறைக்கும் அலமாரி செய்தார். அவருக்கு எங்கள் தெரு முழுக்கக் கணக்கு. ஒரு வீட்டில் கோணல் வைத்தால் நாலு வீடு போய்விடும். அந்தப் பயம் அவருக்கு, அந்த நிம்மதி எங்களுக்கு. ஈஸ்ட் ஹாமில் போன வருடம் குடிவந்த அண்ணனுக்கு அப்படி ஒரு தெரு இன்னும் அமையவில்லை.

ரோனன் பாயிண்டை இடிந்த மூலையைக் கட்டிப் பலப்படுத்தி, மறுபடி ஆட்களைக் குடிவைத்தார்கள். சாம் வெப் என்ற கட்டடக் கலைஞர் விடாமல் எச்சரித்துக்கொண்டே இருந்தார். 1986ல் வெடிவைத்துத் தகர்க்காமல் மாடி மாடியாகக் கழற்றி எடுத்தபோது, சிமெண்ட் கலவை நிரம்பியிருக்க வேண்டிய மூட்டுகளுக்குள் பழைய செய்தித்தாள் கிடந்தது. பெரிய கம்பெனி, பெரிய ஒப்பந்தம், எல்லா முத்திரையும் உண்டு. மூடிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அதே வேலை.

தீக்குச்சி கிழித்த அந்த அம்மாவின் அடுப்பு மட்டும் வெடிப்பில் உடையவில்லையாம். புது வீட்டுக்குப் போகும்போது அதையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே யாரை வைத்து மாட்டினார் என்று எந்த அறிக்கையிலும் தேட எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் அந்தப் பத்து வார ஆளுக்கே மறுபடி ஃபோன் செய்திருக்கிறார். இப்போது பன்னிரண்டு வாரமாம். கார்டின் இரண்டு பக்கத்தையும் அவரே ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட்டார், அண்ணி பதிவேட்டில் எண்ணைப் போட்டுச் சரிபார்த்துவிட்டார். அதுவரை ஹாலில் சாப்பாட்டு மேஜைமேல் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. நேற்று வீடியோவில் காட்டினார்கள். சோபா பக்கத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது :)